மேலே ஒரு சுழி

குலசேகரன் ஏழு வருடமாக யாருக்கும் மெயில் எழுதியதில்லை. எல்லாவற்றையும் கணினியின் உதவிச் செயலியே எழுதிவிடும். ஆஸ்லோவிலிருந்து திருமங்கலத்து அக்காவுக்கு வாராவாரம் போவதும் அப்படித்தான். அக்காவின் பதில்களையும் அதுவே படித்து, "அக்கா நலம்" என்று இரண்டு சொல்லில் சொல்லிவிடும்.

இன்று தனியாகச் சாப்பிட்டு முடித்தவன், ஏனோ அக்காவின் மெயில் ஒன்றை முழுதாகத் திறந்தான். உச்சியில் பிள்ளையார் சுழி. உதவிச் செயலி எதுவும் அதையெல்லாம் போடாது. பழையவற்றையும் திறந்தான். ஏழு வருடமும் சுழி இருந்தது. அத்தனையும் அக்கா தன் கையால் தட்டியவை.

போன வார மெயிலின் கடைசி வரி: "தம்பி, ஒரு தடவையாச்சும் நீயே எழுதுடா. எனக்கும் கை வலிக்குதுல்ல."

உதவிச் செயலியை நிறுத்தினான். சிறப்புக் குறிகளின் பட்டியலில் சுழியைத் தேடி எடுக்கவே அரைமணி ஆனது. அதன் கீழே எழுதினான்: "அக்கா, நான்தான்க்கா. எப்படி இருக்க?"

அனுப்பிய கையோடு பதில் வந்துவிட்டது. "அன்புள்ள தம்பிக்கு, உன் மெயில் கண்டு மிக்க மகிழ்ச்சி. நான் இங்கு நலம்." ஒரு பக்கம் முழுக்க, பிழையே இல்லாமல்.

மேலே சுழி இல்லை.