கைதட்டலுக்கு எழும் குதிரை

ஜப்பானின் சாம்பியன் குதிரை யுகினோமிச்சிக்கு முப்பது வயது. ஆண்டுதோறும் ஆய்வகத்தில் புதிய கால்களும் இதயமும் வளர்த்துப் பொருத்தியதால் அது இன்னும் ஜெயித்துக்கொண்டிருந்தது. சென்னை கிண்டி பந்தய மைதானத்திலிருந்து அங்கே குதிரை பராமரிக்கும் வேலைக்குப் போன மாசிலாமணி பக்கத்தில் நின்றால்தான் அது பந்தயம் தொடங்கும் கூண்டுக்குள் நுழையும். அதனால் முதலாளிகள் அவரை ஊருக்கே விடவில்லை.

மகள் தேன்மொழி தொலைபேசியில் அழுதாள். "என் கல்யாணத்துக்குக்கூட வரமாட்டியாப்பா? சொல்லாம கொள்ளாம கெளம்பி வந்துடேன்."

"நான் வந்துட்டா அது ஓடாதும்மா. ஓடலைன்னா ஊசி போட்டுக் கொன்னுடுவாங்க."

"உன் மூத்த பிள்ளைய விட்டுட்டு நீ எப்படி வருவ? சரி, நாங்களே அங்க வரோம்."

பனி பெய்த ஒரு காலையில் லாயத்திலேயே திருமணம் நடந்தது. மேளம் இல்லாததால், தாலி கட்டும்போது லாயத்து ஆட்கள் பலமாகக் கை தட்டினார்கள்.

படுத்திருந்த யுகினோமிச்சி அந்தச் சத்தம் கேட்டதும் நடுங்கியபடி எழுந்தது. கதவருகே வந்து, ஓடுவதற்குத் தயாராகக் கழுத்தை நீட்டி நின்றது.

தேன்மொழி மாலையோடு ஓடிப்போய் அதன் காதுகளைப் பொத்தினாள். "இது ரேஸ் இல்ல கண்ணு, கல்யாணம். நீ படுத்துக்கோ."

அது படுக்கவில்லை. அவளும் கைகளை எடுக்கவில்லை.