புது எஞ்சினுக்கு ஒரு சமதளம்

"நம்ம டிராக்டர், நம்ம டீசல், உழைக்கிறதும் நீங்க. இதுல கெஞ்சுறதும் நாமதானா?"

மனைவி கேட்க, மருந்துக்கடைக்காரர் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

கடைக்காரர் என்பது இப்போது மரியாதைக்குத்தான். கடையை மகனிடம் விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே ஒரு சரிவில் வீடும் நிலமும் வாங்கியிருந்தார். கூடவே ஒரு சின்ன டிராக்டர், புத்தம் புதியது.

ஆரஞ்சு நிறத்தில், ஏதோ ஒரு பெரிய டிராக்டர் ஈன்ற கன்றைப் போல இருந்தது அது. இரண்டு ஆட்கள் கடப்பாரையோடு மல்லுக்கட்டித் தோற்றுப்போன அடிமரத்தை, டிராக்டரைக் கொண்டுவந்த ஆள் சங்கிலி போட்டு இழுத்துக் காட்டினார். சொத்தைப் பல்லைப் பிடுங்கியது போல வந்துவிட்டது. ஓட்டவும் சொல்லித் தரட்டுமா என்று கேட்டதற்கு, புத்தகம் இருக்கிறதே, படித்துக்கொள்கிறேன் என்றுவிட்டார் கடைக்காரர். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடியெழுத்துத் தாளைக்கூட விடாமல் படிக்கிற மனிதர்.

வாங்கும்போது முணுமுணுத்த மனைவியே, யாரும் பார்க்காத நேரத்தில் அதன் மூக்கைத் துணியால் துடைத்துவிட்டாள்.

ஆகவே அவளுடைய கோபம் டிராக்டர் மேல் இல்லை. பக்கத்து நிலத்துக்காரர் மேல்.

அவருக்கு அவள் வைத்திருந்த பெயர் கவர்னர். பெரிய டிராக்டர் வைத்து ஆண்டு அனுபவித்தவர். கூரையிலிருந்து விழுந்து தோள் எலும்பு முறிந்தபின் அதை விற்றுவிட்டுத் தனியாக இருந்தார். மழை நெருங்கிக்கொண்டிருந்தது, மேல்பக்க நிலம் உழாமல் கிடந்தது. இந்தத் தடவை விதைக்காவிட்டால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு என்னோடு வந்துவிடுங்கள் என்று மகள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். மகள் வீடு எட்டாவது மாடியில். அங்கே கவர்னர் ஆள்வதற்கு ஒரு பூந்தொட்டிதான் கிடைக்கும்.

உதவட்டுமா என்று வந்தவர்களையெல்லாம் அவர் வாசல் கேட்டோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

அந்த மனிதரிடம்தான் கடைக்காரர் போய் நின்றார். புது எஞ்சினைக் கொஞ்ச நாள் லேசான வேலை கொடுத்துப் பழக்க வேண்டுமாம், எங்கள் நிலமோ ஒரே சரிவு, உங்களுடையது சமதளம், நீங்கள்தான் பெரிய மனது பண்ண வேண்டும் என்றார். பக்கத்தில் நின்றிருந்த மனைவிக்கு உடம்பே கூசிப்போயிற்று.

கவர்னர் வெகுநேரம் யோசித்து, ஒரு மாகாணத்தையே தூக்கிக் கொடுப்பவரைப் போலச் சம்மதித்தார். சும்மா இல்லை, நிபந்தனைகளோடு. சீட் பெல்ட் போட வேண்டும். சின்ன கியரில்தான் போக வேண்டும். திரும்பும்போது கலப்பையைத் தூக்கிவிட வேண்டும்; முன்னால் இருக்கும் மண் அள்ளும் வாளி தரையை ஒட்டித் தாழ்ந்திருக்க வேண்டும்.

அதோடு விட்டாரா? டாக்டர் படுத்திருக்கச் சொன்ன மனிதர், கட்டுப்போட்ட தோளோடு வேலியோரம் நாற்காலி போட்டு வெயிலில் உட்கார்ந்துவிட்டார்.

"கடைக்காரரே, நேராப் பாத்து ஓட்டுங்க. டாக்டர் எழுதின மருந்துச் சீட்டு மாதிரியில்ல போகுது உழவுச் சால்."

"சரிங்கண்ணே."

எல்லாவற்றுக்கும் சரிங்கண்ணேதான். கோணலாகப் போன சால்களை மறுபடி ஓட்டச் சொன்னாலும் ஓட்டினார். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து அவள் பாத்திரங்களோடு சண்டை போட்டாள்.

ஒருவழியாக மேல்பக்கம் முழுவதும் உழுது, விதைத்தும் ஆயிற்று. மகள் வந்து பார்த்துவிட்டு, சரி அப்பா, இங்கேயே இருங்கள் என்று போய்விட்டாள். அதற்குப் பிறகும் கடைக்காரர் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாரே தவிர, கவர்னர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த வாரம் முதல் சர்வீஸுக்கு மெக்கானிக் வந்தார். எஞ்சின் இன்னும் பழகவில்லையாமே என்று அவள் கேட்டதும் சிரித்தார்.

"அதெல்லாம் கம்பெனியிலேயே பாத்துட்டுத்தாம்மா அனுப்புவாங்க. இந்த மாடலை முதல் நாளே முழு வேலைக்கு விடலாம். சார் போன்ல கேட்டப்பவே சொன்னேனே."

அவள் திரும்பி வேலிக்கு அந்தப் பக்கம் உழுது கிடந்த நிலத்தைப் பார்த்தாள்.

உதவியை உதவி என்று சொல்லியிருந்தால் அந்தக் கேட் திறந்திருக்காது. அதற்காக ஒரு மனிதர் பொய் சொல்லி, அந்தப் பொய்க்காகத் தினமும் திட்டும் வாங்கியிருக்கிறார். இத்தனை வருஷம் கூடவே இருந்தும் தன் கணவர் இவ்வளவு உயரம் என்று அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

மறுநாள் அவளே டீ எடுத்துக்கொண்டு வேலியோரம் போனாள். தானும் இந்தப் புண்ணியத்தில் கொஞ்சம் பங்கு வாங்கலாமே என்று, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, எஞ்சின் இன்னும் கொஞ்சம் ஓடணுமாம். உங்க கீழ்ப்பக்க நிலத்தையும் விட்டுக்கொடுத்தீங்கன்னா..."

கவர்னர் டீயை வாங்கிக்கொண்டார். தூரத்தில் தன் வீட்டு முற்றத்தில் டிராக்டரைத் திருப்பிக்கொண்டிருந்த கடைக்காரரை ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"கீழ்ப்பக்கம் இந்த வருஷம் சும்மா போடணும்னுதான் இருந்தேன். பரவாயில்ல, ஓட்டட்டும். எஞ்சினுக்கு ஒண்ணும் இல்லம்மா, அது எனக்கு அன்னிக்கே தெரியும். இவர் கை இன்னும் நிதானத்துக்கு வரல. இப்பவே உங்க சரிவுல ஏத்தினா வண்டியோட உருண்டுடுவார். கத்துக்கோங்கன்னு சொன்னா கேக்குற ஆளா?"

ஒரு வாய் டீ குடித்தார்.

"நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லிடாதம்மா. ரோஷக்காரர், நாளைக்கு வரமாட்டார்."