மெஷின் பொய் சொல்லாது

"ஐயா, எனக்கு மட்டும் கொஞ்சம் பாத்து..."

"உனக்கு மட்டும்னா? நீ என்ன எனக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சியா?"

முதலாளி வெடித்தார். சும்மாவா அவருக்குக் 'கடுகு' என்று பேர் வைத்திருக்கிறார்கள்!

கேட்டவள் பசையக்கா. அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பெட்டிக்குப் பசை தடவுகிறவள். நடக்க முடியாத மகனைத் தூக்கிப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுத்தான் அவள் கிளம்ப முடியும். வேனோ தன் இஷ்டத்துக்கு வரும். அதனால் தினமும் லேட்.

இதுவரைக்கும் திட்டோடு போச்சு. இப்போது கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. சரக்கு, பில், சம்பளம் எல்லாம் இனி அதுதான். வாசலில் ஒரு மெஷின். காலையில் உள்ளே வரும்போது அதில் விரல் வைக்க வேண்டும். லேட்டானால் கம்ப்யூட்டரே அரை நாள் சம்பளத்தை வெட்டிவிடும்.

"மெஷினுக்கு எல்லாரும் ஒண்ணுதான். அது பொய் சொல்லாது. போ!"

கல்நெஞ்சுக்காரர் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே போனாள்.

என்ன அதிசயமோ, மறுநாளிலிருந்து அவள் லேட்டே ஆகவில்லை. மூச்சு வாங்க ஓடி வந்து விரலை வைப்பாள். "நன்றி" என்று மெஷின் சொல்லும். சம்பளமும் முழுசாக வந்தது. பரவாயில்லையே, ஓட்டத்தில் தேறிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் மெஷினைப் பார்த்துவிட்டுப் போக வந்த கம்ப்யூட்டர்க்காரர் கத்தினார்.

"சார், இதுல மணி கால் மணி நேரம் பின்னாடி ஓடுது!"

பசையக்கா மெஷினை எட்டிப் பார்த்தாள். மற்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள். அவர்களுக்கு முன்னாடியே தெரியும். சும்மா கிடைக்கிற கால் மணி யாருக்குக் கசக்கும்?

"தானா இப்படி ஆகாது சார். யாரோ மாத்தியிருக்காங்க."

"யாருக்கு லாபமோ அவங்கதான்," என்று லேபிள் ஒட்டுகிறவள் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"அடிப்பாவி! எனக்கு டிவி ரிமோட்டே ஒழுங்கா அமுக்கத் தெரியாதுடி!"

கடுகு வெடித்தது.

"எவன் என் மெஷின்ல கை வெச்சது? கையும் களவுமா மாட்டட்டும், அன்னிக்கே சீட்டைக் கிழிக்கிறேன்!"

கம்ப்யூட்டர்க்காரர் மணியைச் சரியாக வைத்துவிட்டுப் போனார். பசையக்கா விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். இனி மாசம் பூரா அரைச் சம்பளம்தான். அதை வைத்துக்கொண்டு வாடகை கொடுப்பதா, வேனுக்குக் கொடுப்பதா?

மறுநாளும் வேன் ஆடி அசைந்துதான் வந்தது. ஏற்றிவிட்டு விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள்.

வாசலில், மெஷின் முன்னால், யாரோ முதுகைக் காட்டி நின்று பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆள் கையும் களவுமாக மாட்டியாச்சு!

திரும்பிய ஆள், கடுகு.

திருதிருவென்று முழித்தார். அப்புறம் சமாளித்துக்கொண்டு, "என்ன பாக்குற? விரலை வை!" என்று அதட்டினார்.

வைத்தாள்.

"நன்றி" என்றது மெஷின்.

"நன்றிங்கய்யா," என்றாள் அவளும்.

"எனக்கு எதுக்கு? உனக்கு மட்டும்னு நெனைச்சியா? மெஷினுக்கு எல்லாரும் ஒண்ணுதான். அது பொய் சொல்லாது. போ, போய் வேலையைப் பாரு!"