இருபதாவது தலை

அரசுப் பள்ளி வகுப்பும் மொத்த வியாபாரம்தான். இருபது தலைக்குக் குறைந்தால் கடையை மூடிவிடுவார்கள். போன மாதம் அதிகாரி எண்ண வந்த அன்று, வகுப்பின் வாயாடி காய்ச்சலோடு வந்தாள். "எண்ணி முடிக்கிறவரைக்கும் இரும்மா" என்று டீச்சர்தான் கெஞ்சி அவளை உட்காரவைத்தார். மறுவாரம் அவள் இறந்துபோனாள்.

இன்று அதிகாரி ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். பத்தொன்பதுக்கு என்ன சாக்குச் சொல்வதென்று டீச்சர் யோசித்துக்கொண்டிருந்தார்.

"இருபது. பொழைச்சீங்க டீச்சர். கடைசி பெஞ்ச் ஓரத்துல இருக்கிற பொண்ணுக்கு உடம்பு கொதிக்குது. வீட்டுக்கு அனுப்புங்க."

அவர் போனதும் டீச்சர் அந்தப் பெஞ்சுக்கு வந்தார். ஓரம் காலியாக இருந்தது. பலகையில் கை வைத்தார், சுட்டது.

"எண்ணியாச்சு கண்ணு," என்றார். "வீட்டுக்குப் போ."

வாயாடி எதிர்த்துப் பேசவில்லை. பலகை மெல்ல ஆறியது.