மூன்றாவது வரி

"இன்னிக்கும் உப்பு!"

மனைவி தேநீர்க் கோப்பையை மேஜைமேல் ணங்கென்று வைத்தாள்.

"ஒரு வாரமா இதே கூத்து. டப்பா மேல கொட்டை எழுத்துல பேர் எழுதி ஒட்டியிருக்கீங்க. அதுகூட மாமாவுக்குத் தெரியலைன்னா என்ன அர்த்தம்? ஞாபகம் போயிட்டே இருக்கு."

"அவர்கிட்டச் சொன்னியா?"

"எப்படிச் சொல்றது? அவர் சர்க்கரையே சேர்த்துக்கறதில்லை, நமக்குத்தான் போடறார். சொன்னா மனசு ஒடிஞ்சிடுவார்னு கொட்டிட்டு வேற போட்டுக்கறேன். இன்னிக்கு உப்பு, நாளைக்கு எதைக் கலப்பாரோ? முதியோர் இல்லத்துல சாயங்காலம் வந்து அறையைப் பாக்கச் சொல்லியிருக்காங்க. மறந்துடாதீங்க."

அவன் தலையை மட்டும் ஆட்டினான். கண் கணினித் திரையில் இருந்தது.

அவன் எழுதிய மென்பொருளுக்குக் 'காவல்காரன்' என்று பெயர். கணினியின் நினைவகம் நிரம்பி வழியப் போகிறது என்றால், தின்று கொழுக்கும் நிரலைப் பார்த்து மூடிவிடும். ஊர்ப்பட்ட அலுவலகங்களில் அதுதான் காவல். இயங்குதளத்தின் உயிர்நாடியான கெர்னலைப் புதுப்பித்தார்கள். அன்றிலிருந்து காவல்காரனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. பாதி நினைவகம் காலியாகக் கிடக்கும்போதே "துளி இடமில்லை" என்று கூவி, நல்ல நிரல்களையெல்லாம் மூடியது.

காலையில்கூட அச்சகத்துக்காரர் கூப்பிட்டுக் கத்தினார். "பக்கம் கட்டிக்கிட்டிருக்கறப்பவே இழுத்து மூடுதுங்க! இது காவல்காரனா, கொள்ளைக்காரனா?"

எழுதியதை வரிவரியாகப் புரட்டிப் பார்த்துவிட்டான். ஒரு பிழையும் இல்லை. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. திரையைப் பார்த்துக் கத்தினான்.

அப்பா எட்டிப் பார்த்தார். "யார்கிட்டடா இப்படிச் சண்டை?"

"இனிமேதான்ப்பா சண்டை. கெர்னலை மாத்தினவர்கிட்ட."

"கர்னலா? பட்டாளத்துக்காரர்கிட்ட மரியாதையாப் பேசு."

மனைவி அவனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். பார்த்தீங்களா?

இதே அப்பாதான் நேற்றுப் பக்கத்து வீட்டு வக்கீலைச் சதுரங்கத்தில் மண்ணைக் கவ்வ வைத்தவர். ஒவ்வொரு நகர்த்தலையும் சாப்பாட்டு மேஜையில் பிசகாமல் ஒப்பித்தார். அதுவும் அவனுக்குப் புரியவில்லை.

மதியம் கெர்னல்காரர் போனில் பிடிபட்டார்.

"நினைவகக் கணக்கைக் கெர்னல் வரிவரியாத்தானே தருது? அதுல புதுசா ஒரு வரி சேர்த்தேன் சார். எல்லாருக்கும் உதவுமேன்னு நல்லதுக்குத்தான்."

"எங்க சேர்த்தீங்க?"

"நடுவுல. ரெண்டாவதா."

அவன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "நடுவுலயா? என் காவல்காரன் எண்ணிப் பாத்து மூணாவது வரியைத்தானே எடுக்கறான்! இப்ப வேற எதையோ எடுத்துக்கிட்டு இடமில்லைன்னு அலறறான்!"

"ஏன் சார் எண்ணறீங்க? ஒவ்வொரு வரியிலயும் பேர் எழுதியிருக்கே. பேரைப் படிச்சா என்ன?"

அவனுக்குச் சுர்ரென்றது. "வருஷக்கணக்கா அது மூணாவதாத்தான் இருந்துச்சு. அதை நம்பி ஒருத்தன் பழகிட்டான். சொல்லாம கொள்ளாம நடுவுல ஒண்ணைச் செருகிட்டு, உனக்குப் படிக்கத் தெரியாதான்னு கேப்பீங்களா? பழகினவன் மேல என்னங்க தப்பு? உப்பைத் தின்னவன்தான் தண்ணி குடிக்கணும். மாத்தினது நீங்க, நீங்களே சரி பண்ணுங்க!"

கெர்னல்காரர் இறங்கி வந்தார்.

"நியாயம்தான் சார். புது வரியைக் கடைசிக்குத் தள்ளிடறேன். மன்னிச்சுக்குங்க."

வென்றுவிட்ட களைப்பில் கூடத்துச் சோபாவில் சாய்ந்தான். ராத்திரியோ பகலோ, வேலை முடிந்ததும் அங்கேயே விழுந்து தூங்குவதுதான் வழக்கம். கண்ணை மூடினான். தூக்கம் வரவில்லை.

அப்பா வந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். சாயங்காலம் வெளியே போகிறோம் என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தார்கள். எங்கே என்று அவரும் கேட்கவில்லை.

சோபாவருகே ஒரு நிமிடம் நின்று அவன் முகத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, சமையலறைக்குள் அடிமேல் அடி வைத்துப் போனார். ஜன்னலும் இல்லாத, கதவும் இல்லாத அறை. பகலிலும் உள்ளே இருட்டுத்தான்.

அரைக்கண்ணால் பார்த்தான். அப்பாவின் விரல்கள் அலமாரியைத் தடவிக்கொண்டே நகர்ந்தன. உதடு முணுமுணுத்தது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு."

மூன்றாவது டப்பாவைத் திறந்து கரண்டியை விட்டார்.

அவன் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தான்.

தேயிலை, உப்பு, சர்க்கரை. எத்தனையோ வருஷமாக அதே வரிசை. போன வாரம்தான் உடம்புக்கு நல்லதென்று ஓட்ஸ் வாங்கி வந்து, எல்லா டப்பாவுக்கும் பேர் எழுதி ஒட்டி, புது டப்பாவை அவனே வைத்தான். ரெண்டாவதாக.

"கிளம்பலாமா? நேரமாச்சு." உள்ளறையிலிருந்து மனைவி வந்தாள்.

"எங்கயும் போக வேண்டாம்."

"ஏங்க?"

"அப்பா எதையும் மறக்கலை. நான்தான் நடுவுல ஒண்ணைச் செருகிட்டேன்."

அவள் ஒன்றும் விளங்காமல் நின்றாள். அவன் சமையலறைக்குள் போய் ஓட்ஸ் டப்பாவை வரிசையின் கடைசிக்குத் தள்ளினான். அப்படியும் மனசு ஆறவில்லை.

"ஏம்ப்பா எண்ணறீங்க? ஒவ்வொண்ணுலயும் பேர் எழுதியிருக்கே. விளக்கைப் போட்டுப் படிச்சா என்ன?"

கேட்ட பிறகுதான், அது யாருடைய கேள்வி என்று அவன் காதில் விழுந்தது.

அப்பா திருட்டுத்தனம் பிடிபட்ட குழந்தைபோல் சிரித்தார்.

"விளக்கைப் போட்டா வெளிச்சம் நேரா சோபா மேலதான்டா விழுது. நீ முழிச்சுக்குவியே!"