இந்தச் சுனையில் மட்டும்

திருமயம் பக்கத்துக் கல்குவாரியில் ஜல்லி உடைக்கும் செங்கமலம்தான் பாறைச் சுனைக்கு வழி காட்டியிருந்தாள். மணல் துகள்களை ஒட்டவைத்துக் கூடு கட்டி வாழும் நீர்ப்பூச்சிப் புழுக்களைக் கல்லூரி ஆராய்ச்சிக்காரி கௌசல்யா அங்கேதான் பிடித்தாள்.

“புது இனம்னு ஒத்துக்கிட்டாங்கக்கா! ஒலகத்துலயே இந்தச் சுனையில மட்டும்தான் இருக்கு. ஆபீசருங்க வந்து பூச்சியப் பாத்துட்டா குவாரிய மூடிருவாங்க.”

“மூடிருவாங்களா?”

“கண்டிப்பா. ஒங்களுக்கும் கல்லு ஒடைக்கிற கொடுமை தீந்துச்சு.”

“பூச்சிக்கு என்ன பேரு?”

“அச்சுல வரட்டும், சொல்றேன்.”

அச்சான ஆராய்ச்சி இதழோடு கௌசல்யா வந்தபோது சுனையில் ப்ளீச்சிங் பவுடர் நெடி அடித்தது. கூடுகளுக்குள் புழுக்கள் வெளுத்துச் செத்துக் கிடந்தன.

“ஆபீசருங்க நாளைக்கு வாராங்க. குவாரிக்காரன் வேலைதானே இது?”

“அவருக்கு வேற ஊர்லயும் குவாரி இருக்கு மேடம். எங்களுக்கு இது ஒண்ணுதான்” என்றாள் செங்கமலம். “நாந்தான் கொட்டுனேன்.”

கௌசல்யா இதழை விரித்துக் காட்டினாள். “பூச்சிக்கு ஒங்க பேரத்தான்க்கா வச்சிருக்கேன்.”

செங்கமலம் அந்தப் பக்கத்தையே பார்த்தாள்.

“பூச்சி செத்துட்டாலும் பேரு நிக்குமா மேடம்?”

“நிக்கும்.”

“அப்பறம் என்ன?”

சுத்தியலை எடுத்துக்கொண்டு குவாரிக்கு நடந்தாள்.