ஆசை மீட்டர்

நான் கறி சாப்பிட்டு நான்கு வருடமாகிறது. டாக்டர் வேண்டாமென்றார், விட்டுவிட்டேன். ஆனால் சென்னையில் வாடகைக்கு விடுகிறவர்களுக்கு இப்போதெல்லாம் அது போதவில்லை. வாயில் இல்லாவிட்டாலும் மனதில் இருக்கிறதா என்று பார்க்க ஆளாளுக்கு ஒரு மீட்டர் வாங்கி வைத்திருக்கிறார்கள். அதை மணிக்கட்டில் மாட்டிவிட்டு மட்டன் குழம்புப் படத்தைக் காட்டுவார்கள். இருபதைத் தாண்டினால் வீடு இல்லை.

என் மனைவி மங்கைக்கு எப்போதும் ஐந்துதான். பார்த்த வீட்டையெல்லாம் கெடுத்தவன் நான்.

"படத்தப் பாக்கறப்ப சோகமா ஏதாச்சும் நெனைங்க. செத்துப்போன உங்கப்பாவ நெனைங்க," என்று படியேறும்போதே சொல்லி வைத்தாள்.

வீட்டுக்காரர் படத்தைக் காட்டினார். அப்பாவை நினைத்தேன். மீட்டர் எண்பத்தெட்டுக்குப் போனது.

"தப்பா எடுத்துக்காதீங்க சார்," என்று கதவைத் திறந்துவிட்டார்.

தெருவுக்கு வந்ததும் மங்கை வெடித்தாள். "அப்படி என்னத்தத்தான் நெனச்சுத் தொலைச்சீங்க?"

"அப்பாவத்தான். தெவசத்துக்குப் படையல் போட்டோமே, அவருக்குப் பிடிக்கும்னு ஈரல் வறுவல் வெச்சு..."

"ஐயோ! அடுத்த வீட்டுலயாவது அவர மறந்து தொலைங்க!"

அடுத்த வீட்டில் படம் வந்தபோது அப்பா முகம் வராமலிருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பதினெட்டு. வீடு கிடைத்துவிட்டது.

சாமான்களைப் பிரித்துக்கொண்டிருந்த மங்கை கேட்டாள். "மாமா போட்டோவ எங்க மாட்டறது?"

"லாஃப்ட்ல போட்டுடு," என்றேன் எரிச்சலாக. "வீட்டுக்காரர் மாசாமாசம் மீட்டரோட வருவாராம்."